இரண்டு பக்கமும் இந்தப் பக்கம்

கூரியர்காரர் அட்டைப் பெட்டியைக் கையில் கொடுத்துவிட்டுப் போன பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. ரெக்கார்டு போட்டிருக்கிறோம், ரெக்கார்டு பிளேயர் யாரிடமும் இல்லை.

சிரிக்காதீர்கள். ஒரு வருஷத்துக்கும் மேலாக இந்தத் தட்டைப் பற்றியே பேசிப் பேசி வாய் வலித்தவர்கள் நாங்கள். உறை என்ன நிறம், தட்டு என்ன நிறம், நடுவில் ஒட்டுகிற லேபிளில் என்ன எழுத்து என்று டெல்லி முனிர்காவில் இருக்கிற எல்லா டீக்கடையிலும் உட்கார்ந்து சண்டை போட்டிருக்கிறோம். அதை எதில் போட்டுக் கேட்பது என்று மட்டும் ஒரு ஜென்மத்துக்கும் தோன்றவில்லை. எல்லோரும் போனில் பாட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள். வட்டமாக ஒன்று சுற்றினால் பாட்டு வரும் என்ற வரைக்கும்தான் எங்கள் அறிவு.

நான் முத்துமாரி. 'உச்சிவெயில்' பேண்டில் டிரம்ஸ் அடிக்கிறேன். வீட்டில் நான் மத்திய அரசு வேலைக்கான எஸ்.எஸ்.சி. பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருப்பதாக நம்புகிறார்கள், பாதி உண்மைதான். கிடாரும் பாட்டும் கார்த்தி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, முனிர்காவில் ஜன்னலில்லாத ஒரு அறையில் இருந்துகொண்டு, தமிழில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறான். பேஸ் வாசிப்பது ஜெயபால். அன்றைக்கு அவனுக்கு வேலை. நாங்கள் வாசிப்பதற்கு போஸ்ட்-ஹார்ட்கோர் என்று பெயர். என் அம்மா ஒரு தடவை கேட்டுவிட்டு, "சண்டையில ஆரம்பிச்சு அழுகையில முடியுது" என்றாள். இதைவிடச் சரியாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

இது ஸ்ப்ளிட் ரெக்கார்டு. ஒரே தட்டு, இரண்டு பேண்டு. ஒரு பக்கம் நாங்கள் தமிழில், மறுபக்கம் திலக் நகர்க்காரர்களான 'பந்த் கலி' இந்தியில். பந்த் கலி என்றால் முட்டுச்சந்து. முதல் பக்கம் யாருக்கு என்பதில் பெரிய தகராறு வந்து, இரண்டு பேண்டும் ஒரு மாதம் பேசிக்கொள்ளவில்லை. கடைசியில் எங்கள் பக்கத்தில் 'இந்தப் பக்கம்' என்றும், அவர்கள் பக்கத்தில் இந்தியில் 'இஸ் தரஃப்' என்றும் அச்சிடுவதாக ஒப்புக்கொண்டோம். அதற்கும் இந்தப் பக்கம் என்றுதான் அர்த்தம். யாரும் இரண்டாவது இல்லை. இரண்டு பேண்டும் சேர்ந்து எடுத்த ஒரே புத்திசாலித்தனமான முடிவு அதுதான்.

பெட்டியில் வந்தது மாதிரித் தட்டு. மொத்தத் தட்டுகளையும் அச்சடிப்பதற்கு முன்னால் ஃபாக்டரிக்காரர்கள் ஒன்றை அனுப்புவார்கள். லேபிள் வெள்ளையாக இருக்கும். போட்டுக் கேட்டுச் சரி என்று சொன்னால் மிச்சத்தை அச்சடிப்பார்கள். ஃபாக்டரி ஐரோப்பாவில் எங்கோ. பெட்டி வழியில் மாட்டிக்கொண்டு, தாமதமாக, மே மாத வெயிலில் வெந்து வந்து சேர்ந்தது. அன்றைக்கே, அவர்கள் ஊரில் வேலை நேரம் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். இல்லையென்றால் எங்கள் முறை போய்விடும், தட்டு தீபாவளிக்கு அப்புறம்தான்.

மற்றவர்களுக்கு அது மட்டும்தான் கவலை. எனக்கு வேறு ஒன்றும் இருந்தது.

எங்கள் பாட்டின் கடைசி வரியை நான் கத்தியிருந்தேன். டிரம்ஸ்காரியின் வேலை கத்துவது இல்லை. ஆனால் ரெக்கார்டிங் அன்றைக்குக் கடைசி வரிக்கு வரும்போது கார்த்தியின் தொண்டை மொத்தமாக அடைத்துவிட்டது. ஸ்டுடியோவில் அடுத்த பார்ட்டி வாசலில் நின்றுகொண்டிருந்தது. "நீ கத்திரு மாரி" என்று சைகை காட்டினான். பாட்டு தண்ணீரைப் பற்றியது. கடைசி வரியாக அவன் எழுதியிருந்தது நதி, மௌனம், மரணம் எல்லாம் வருகிற ஒரு நீளமான வரி. அந்த நேரத்தில் அது எனக்கு வாயில் வரவில்லை. வந்தது வேறு. மைக்கைப் பிடித்து, அடிவயிற்றிலிருந்து, "தண்ணி வந்துருச்ச்ச்சு" என்று கத்தினேன்.

அது என் அம்மாவின் வரி. லோதி ரோடு குவார்ட்டர்ஸில் எங்கள் பிளாக்குக்குக் காலையில் கொஞ்ச நேரம், மாலையில் இஷ்டப்பட்டால் கொஞ்ச நேரம் தண்ணீர் வரும். வந்த கையோடு மோட்டார் போட்டுப் பிடிக்காதவன் அன்றைக்குக் குளிக்க முடியாது. முதலில் கண்டுபிடிப்பது எப்போதும் என் அம்மா வள்ளியம்மைதான். குழாயில் காற்று சீறும்போதே பால்கனிக்கு ஓடி, விருதுநகரில் கற்றுக்கொண்ட குரலில் ஒரு கத்து. பிளாக்கே எழுந்துகொள்ளும். கீழ்வீட்டு குர்மீத் அங்கிளில் தொடங்கி எதிர்வீட்டு பீகார்க்காரக் குடும்பம் வரைக்கும், அவர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒரே தமிழ் வாக்கியம் அதுதான்.

கார்த்திக்குப் பிடிக்கவில்லை. "அது ஒரு வரியா மாரி? வீட்டுல கத்துற மாதிரில்லா இருக்கு" என்றான். மாதிரித் தட்டு வந்ததும் கேட்டுப் பார்ப்பது, சரியில்லை என்றால் அந்த இடத்தை அவன் குரலில் மாற்றிப் புதுப் பதிவை அனுப்புவது என்று பேச்சு. தாமதமானாலும் பரவாயில்லையாம். நானும் தலையாட்டினேன். ஆனால் மனசுக்குள் எனக்கு அந்தக் கத்து வேண்டும். பட்டுப்புடவை கேட்டு அடம்பிடிக்கிற மாதிரி வேண்டும். மூன்று வருஷமாகப் பின்னால் உட்கார்ந்து அடித்தவளுக்கு இந்தத் தட்டில் சொந்தக் குரலில் இருப்பது அந்த ஒரு வரிதான்.

ஆக, பிளேயர். பந்த் கலியின் பாடகன் நவ்னீத் பைக்கில் டெல்லியைப் பாதி சுற்றினான். ஒரு கடை மூடியிருந்தது, ஒரு மாமா வீட்டுப் பிளேயரில் ஊசி இல்லை. மத்தியானம் தாண்டிவிட்டது. அப்போதுதான் எனக்கு எங்கள் வீட்டுக் கூரை ஞாபகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அதன் வழியாகக் கச்சேரி இறங்கும். மாடிவீட்டு ராமமூர்த்தி சாரிடம் பிளேயர் இருக்கிறது. வாழ்நாள் முழுக்கத் தலைக்கு மேலேயே இருந்திருக்கிறது.

ராமமூர்த்தி சார் அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர். அன்று லீவில் வீட்டில் இருந்தார். நான், கார்த்தி, நவ்னீத் மூன்று பேரும் வாசலில் நின்றோம். மாடிப்படி முழுக்கக் காலி பக்கெட்டுகள். முந்தின நாளிலிருந்து குழாய் வறண்டு கிடந்தது, எல்லோருக்கும் எரிச்சல்.

"சார், நாங்க ஒரு பாட்டு ரெக்கார்டு பண்ணியிருக்கோம். உங்க பிளேயர்ல ஒரு தடவை கேட்டுக்கலாமா?" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. "பேஷ். மிருதங்கம் யாரு?"

"நான்தான் சார். அந்த மாதிரி" என்றேன்.

உள்ளே கூட்டிப் போனார். சாரின் மனைவி வைதேஹி மாமி மோர் கொடுத்தாள். கடைசிச் சொட்டுத் தண்ணீர் இதில் போயிற்று என்றும் சொன்னாள். பிளேயர் மூலையில் எம்ப்ராய்டரி துணிக்கு அடியில் இருந்தது. பக்கத்தில் இரண்டு ஸ்பீக்கர்கள், ஒவ்வொன்றும் ஒரு பீரோ உயரம். நவ்னீத் அவற்றைக் கோயிலைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். சார் எங்கள் தட்டைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். "இவ்வளவு சின்னதா இருக்கே" என்றபடி வைத்து, ஊசியைக் குழந்தையைக் கிடத்துகிற மாதிரி இறக்கினார்.

அறைக்குள் ஒரு முனகல் எழுந்தது. பசித்த எருமை ஒன்று தூரத்தில் தன் கஷ்டத்தைச் சொல்லிக்கொண்டு நடந்து வருவதுபோல இருந்தது.

கார்த்தி நவ்னீத்தைப் பார்த்தான். "யே தும்ஹாரா ஹை?" என்றான், இது உங்களுடையதா என்று.

"நஹீ யார். யே தும் லோக் ஹோ" என்றான் நவ்னீத், இல்லை, இது நீங்கள்தான் என்று.

"நாங்க இல்ல, பாத்துக்க" என்று கார்த்தி என்னிடம் சொன்னான்.

இரண்டு பேண்டும் ஒரு ரெக்கார்டுக்காக ஒரு வருஷம் அடித்துக்கொண்டோம். கடைசியில் வந்ததை யாருமே தன்னுடையது என்று ஒப்புக்கொள்ளத் தயாராக இல்லை. லேபிளும் வெள்ளை. நவ்னீத் ஏதாவது வார்த்தை காதில் விழாதா என்று வால்யூமைத் திருப்பினான். மறுபடியும் திருப்பினான். முனகல் பெரிதாயிற்று, அவ்வளவுதான். கூலருக்காகத் திறந்து வைத்திருந்த பால்கனிக் கதவு அதிர்ந்தது. கடைசியில் அந்த எருமை ஆழ்ந்த குரலில், "தண்... ணீ..." என்று ஆரம்பித்து, வாக்கியத்தை முடிக்கிற தெம்பில்லாமல் எங்கேயோ போய்ப் படுத்தது.

"நம்ம பக்கம்தான்" என்றான் கார்த்தி.

வைதேஹி மாமி, "யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

கார்த்தி போனை எடுத்துவிட்டான். "வேண்டாம்னு மெயில் போட்டிருதேன். ஃபாக்டரியில கெடுத்திருக்காங்களோ நம்ம பதிவே அப்படித்தானோ, எப்படியும் திரும்பச் செய்யணும். அப்போ கடைசி வரியையும் நானே பாடிருதேன்." தட்ட ஆரம்பித்தான். ஒரு பக்கம் பார்த்தால் அவன் சொல்வது நியாயம். இன்னொரு பக்கம், அவன் விரல் அந்தப் போனில் ஓடுவதைப் பார்க்கப் பார்க்க, அதைப் பிடுங்கி பால்கனி வழியாக எறியலாம் போல இருந்தது.

"சார், இன்னொரு தடவை போடுங்க" என்றேன்.

"ஊசி தேயறதும்மா."

"ஒரே ஒரு தடவை சார்."

போட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டு தொடையில் அடித்தேன். அந்தப் பாட்டை நான் எத்தனை தடவை அடித்திருப்பேன் என்று கணக்கே இல்லை, தூக்கத்தில்கூட அடிப்பேன். என் கை அதன் வேகத்தில் போயிற்று. தட்டு அதன் வேகத்தில் வந்தது. நான் நாலு அடித்தால் அது மூன்று அடித்தது. மறுபடியும் நாலு, மறுபடியும் மூன்று. இழுக்கவில்லை, தடுமாறவில்லை. பாட்டு கெட்டிருந்தால் இவ்வளவு ஒழுங்காகக் கெடாது. இது முழுசாக, சீராக, மெதுவாக ஓடுகிறது, அவ்வளவுதான்.

"மெயிலை அனுப்பாதே" என்று கத்தினேன். "சார், இந்தப் பிளேயர்ல வேகம் மாத்துறது எங்க இருக்கு?"

ராமமூர்த்தி சார் துணுக்குற்றார். "அந்தக் குமிழா? அதை யாரும் தொடப்படாது. மேதா சின்னவளா இருக்கச்சே திருகித் திருகி விளையாடினா. டேப் போட்டு ஒட்டிட்டேன். என்கிட்ட இருக்கறதெல்லாம் பெரிய தட்டு. ஒரே வேகம் போதும்."

மேதா அவர்கள் பெண். இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறாள். அந்த டேப் பழுப்பேறிப் பிளேயரோடு பிளேயராகவே ஆகியிருந்தது.

"சார், எங்க தட்டு சின்னது. அது வேற வேகம்" என்றேன். சொல்லும்போதே எனக்கு வெட்கமாகப் போயிற்று. ஃபாக்டரிக்கு அனுப்பும்போது நாங்களேதான் எழுதிக்கொடுத்தோம், நாற்பத்தைந்து என்று. உறையிலும் போடச் சொன்னோம், பார்க்க ஸ்டைலாக இருக்கும் என்று. நிமிஷத்துக்கு இத்தனை சுற்று என்று அதற்கு ஒரு அர்த்தம் உண்டு என்பது ஞாபகமில்லை.

சார் பிளேயருக்கு முன்னால் குறுக்கே நின்றார். "நோ. குமிழ் உடைஞ்சுதுன்னா எங்கே போறது?"

"ஏன்னா, நகருங்கோ" என்றாள் வைதேஹி மாமி. "குழந்தைகள் ஆசைப்படறா. ஒரு தடவைதானே." அவர் வாயைத் திறப்பதற்குள் நகத்தால் டேப்பை உரித்துவிட்டாள். குமிழை ஒரு சொடுக்குச் சொடுக்கினாள். ஊசியை அவளே இறக்கினாள்.

வால்யூம் நவ்னீத் திருப்பிய இடத்திலேயே இருந்தது. அதை யாரும் யோசிக்கவில்லை.

வந்தது பாருங்கள். முதல் அடியிலேயே ஷோகேஸ் கண்ணாடி சலசலத்தது. என் டிரம்ஸ்தான். நான் அடித்ததுதான். ஆனால் இவ்வளவு பெரிதாக, இவ்வளவு கிட்டத்தில், நெஞ்சில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி நான் கேட்டதே இல்லை. கார்த்தியின் கிடார் இடதுபக்க ஸ்பீக்கரிலிருந்து கிளம்பி வந்து சோபாவில் உட்கார்ந்தது. நவ்னீத் ஒரு குஷனை எடுத்துக் கட்டிக்கொண்டு, தலையை ஆட்டிக்கொண்டு, இந்தியில் யாரையோ வாழ்த்திக்கொண்டிருந்தான். கார்த்தி போனைக் கீழே வைத்துவிட்டான். அவன் வாய் தன் வரிகளை ஒவ்வொன்றாகச் சத்தமில்லாமல் பாடியது. நான் காற்றில் டிரம்ஸ் அடித்துக்கொண்டிருந்தேன். சந்தோஷம்தான், வேறென்ன. இதற்காகத்தானே இத்தனையும்.

"லாரி ஏதோ உள்ள வர மாதிரி இருக்கு" என்று வைதேஹி மாமி காதைப் பொத்திக்கொண்டு சொன்னாள். ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை.

பாட்டு கடைசித் திருப்பத்துக்கு வந்தது. கிடார் நின்றது. பேஸ் நின்றது. ஒரு நொடி ஒன்றுமில்லை. அப்புறம் பீரோ உயர ஸ்பீக்கர் இரண்டும் சேர்ந்து, திறந்த பால்கனிக் கதவு வழியாக, அமைதியான மாலை லோதி ரோட்டை நோக்கிக் கத்தின.

"தண்ணி வந்துருச்ச்ச்சு!"

ராமமூர்த்தி சார் எழுந்து ஓடினார்.

தட்டு அவர் கண் முன்னால்தான் சுற்றிக்கொண்டிருந்தது. ஊசியை விட்டு அவர் பார்வை ஒரு நிமிஷமும் நகரவில்லை. ஆனாலும் ஓடினார். சமையலறையில் பக்கெட் உருளும் சத்தம் கேட்டது, அப்புறம் மோட்டார் சுவிட்ச். பின்னாலேயே வைதேஹி மாமி, "குடத்தையும் வைங்கோ" என்று ஓடினாள். கீழே குர்மீத் அங்கிள், "மோட்டர் சலாவோ, ஜல்தி" என்று மகனை விரட்டினார். எதிர்வீட்டில் மோட்டார் உறுமியது. பக்கத்து வீட்டில் உறுமியது. ஒவ்வொன்றாகப் பிளாக்கின் எல்லா மோட்டாரும் வெறும் காற்றை இழுத்துக்கொண்டு அலறின. மாடிப்படியில் பக்கெட்டுகள் முட்டிக்கொண்டன. குழாய்களில் ஒரு சொட்டு இல்லை.

கார்த்தி என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன்.

வாசலில் என் அம்மா வந்து நின்றாள். இடுப்பில் குடம், கலைந்த தலை. மத்தியானத் தூக்கத்திலிருந்து நேராக வந்திருக்கிறாள். அவளுக்குப் பின்னால் படிக்கட்டில் பிளாக்கில் பாதி, கையில் காலிப் பாத்திரத்தோடு.

"நான் கீழே படுத்துக் கிடக்கேன்" என்றாள் அம்மா. "என் குரலு மேல் வீட்டுல கத்துது. யாருடி அது?"

நான் தட்டைக் காட்டினேன்.

"அத்தை, உங்க குரல் மாதிரியா இருந்துச்சு?" என்று கார்த்தி கேட்டான். கேட்டது அத்தையிடம், ஆனால் அவன் முகம் என் பக்கம் இருந்தது.

"மாதிரி என்ன மாதிரி? நானே நம்பிக் குடத்தைத் தூக்கிட்டு வந்துட்டேன்ல."

கார்த்தி குனிந்து போனை எடுத்தான். எழுதி வைத்திருந்த மெயிலை அழித்தான். வேறு எழுத ஆரம்பித்தவனை நவ்னீத் தடுத்தான். தன் பக்கத்தைக் கேட்காமல் எதுவும் போகக் கூடாது என்றான். அதுவும் நியாயம். ராமமூர்த்தி சார் ஈரமில்லாத கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து, யாரையும் ஏறிட்டுப் பார்க்காமல், தட்டைத் திருப்பிப் போட்டார். இந்தப் பக்கம் முடிந்து இஸ் தரஃப் தொடங்கியது. பந்த் கலி முட்டி மோதியது. பிளாக்கில் பாதிப் பேர் வாசலை அடைத்து நின்று, காலிப் பக்கெட்டுகளைப் பிடித்துக்கொண்டு, ஒரு போஸ்ட்-ஹார்ட்கோர் ஸ்ப்ளிட் ரெக்கார்டை முழுசாகக் கேட்டார்கள். திட்டினார்கள்தான். ஆனால் கேட்டுவிட்டுத்தான் திட்டினார்கள். அதுதான் எங்கள் ரிலீஸ் விழா என்று நான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

பாட்டு முடிந்ததும் கார்த்தி மெயிலை என்னிடம் காட்டினான். 'இரண்டு பக்கமும் சரி. எதையும் மாற்ற வேண்டாம்.' அனுப்புகிற பட்டனை என்னை அழுத்தச் சொன்னான். அழுத்தினேன். என் வாழ்க்கையில் எந்தப் பரீட்சை ரிசல்ட்டுக்கும் நான் அப்படி அழுததில்லை. அம்மா குடத்தைக் கீழே வைத்துவிட்டு, "இப்ப எதுக்குடி அழுற? தண்ணி வரலைன்னா?" என்றாள்.

மறுநாள் விடிகாலையில் நிஜமாகவே தண்ணீர் வந்தது. அம்மா பால்கனிக்கு ஓடிப் போய் வழக்கம்போலக் கத்தினாள். ஒரு வீட்டிலும் அசைவில்லை. மறுபடியும் கத்தினாள். ஒரு மோட்டாரும் ஓடவில்லை. மாடியிலிருந்து ராமமூர்த்தி சாரின் தூக்கக் குரல் மட்டும் வந்தது. "மாரி, அந்தப் பாட்டை நிறுத்தும்மா. எல்லாரும் தூங்கறா."

அம்மா உள்ளே வந்து என் போர்வையை ஒரே இழுப்பில் உருவினாள். இவ்வளவு கோபத்தில் நான் அவளைப் பார்த்ததில்லை. "எந்திரி. நீதானே கெடுத்த. நீயே போய்க் கத்து."

பால்கனிக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். மைக் இல்லை, டிரம்ஸ் இல்லை, ஸ்பீக்கர் இல்லை. மூச்சை இழுத்து அடிவயிற்றிலிருந்து, நிஜத் தண்ணீர் என்று இந்தியிலும் சேர்த்துக் கத்தினேன். "தண்ணி வந்துருச்சு. அஸ்லீ. அஸ்லீ பானீ ஹை."

முதலில் ஓடிய மோட்டார் ராமமூர்த்தி சாருடையது.